தாழரசன் தோற்கும்போது என்ன சொல்வான்

ஜூன் 3, செவ்வாய்

தாழரசனை நவ்ஷாத் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டான். "சப்புன்னு இருக்குக்கா" என்று ஒரே வரி. இருபத்தொன்பது வயதில் ஒரு கேம் கம்பெனிக்கு முதலாளி ஆகிவிட்டால் ஒரு வரிக்கு மேல் பேச நேரம் இருக்காது போல.

என் வேலை என்ன என்று அம்மாவுக்குப் போனில் விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன். இங்கே ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எங்கள் கம்பெனி செய்வது பாத்திரமேற்று ஆடும் கேம். ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராகப் போய்க் கூட்டாளிகளைச் சேர்த்து, கடைசியில் வில்லனை வீழ்த்த வேண்டும். அந்தப் பாத்திரங்களை எழுதுவது நான். இந்த கேமில் ஒரு நகரத்தின் எல்லா வீட்டுச் சாவிகளையும் வைத்திருப்பவன் வில்லன். பெயர் தாழரசன்.

நான் எதையும் உட்கார்ந்து கற்பனை செய்ய மாட்டேன். ஆளைத் தெருவில் பிடிப்பேன். எங்கள் வீரப்பெண் காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாக ஐந்து பைகளைப் போட்டு ஐந்து சீட்டுப் பிடித்தவள். எங்கள் வைத்தியச்சி மருந்துக்கடையில் சீட்டைப் படிக்காமலே முகத்தைப் பார்த்து மாத்திரை எடுக்கும் பெண். ஒவ்வொருவரிடமும் நான்கு விஷயங்களைத் தேடுவேன். எது பலம், எது பலவீனம், கையில் எப்போதும் என்ன இருக்கும், தோற்கும்போது என்ன சொல்வார்.

தாழரசனுக்கு நான்காவது மட்டும் அமைய மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். "குடும்பமாக வசிக்காதவர்களுக்கு வீடுகளை வாடகைக்கு விடுவதில்லை என்றும், ஏற்கெனவே இருப்பவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் தீர்மானம். 29ஆம் தேதி பொதுக்குழுவில் ஓட்டுக்கு விடப்படும். இப்படிக்கு, மருதாசலம், செயலாளர்."

இந்தக் கட்டடத்தில் குடும்பமாக வசிக்காதவர்கள் என்றால் நான் ஒருத்திதான். என் பெயரைப் போட்டே ஒட்டியிருக்கலாம், பேப்பராவது மிச்சமாகியிருக்கும்.

ஜூன் 4, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. போன வாரம் நவ்ஷாத் எனக்கு ஒரு மானிட்டர் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டுக்குள் வந்து வயரை மாட்டி, டீ குடித்துவிட்டுப் போனான். மாடிப்படியில் மருதாசலம் அவனை நிறுத்தி விசாரித்திருக்கிறார். உடனே தீர்மானம்.

வீட்டு ஓனர் மஸ்கட்டில் இருக்கிறார். போன் செய்தேன். "அசோசியேஷன் என்ன சொல்லுதோ அதாங்க மேடம்" என்றார். இரண்டு வருஷத்தில் இது எனக்கு நான்காவது வீடு. முதல் மூன்று வீடுகளுக்கும் அண்ணன் பெயரில் ஒப்பந்தம் போட்டோம். இது ஒன்றுதான் என் பெயரில். எப்சிபா என்று முத்திரைத்தாளில் அடித்திருக்கிறார்கள். இதை விட்டுப் போகமாட்டேன்.

ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. வில்லன் கிடைத்துவிட்டார். அதுவும் கீழ்வீட்டிலேயே.

ஜூன் 6, வெள்ளி

மருதாசலத்தை இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். பம்ப் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூடியுள்ள பேனா. காலையில் வண்டிகள் கோட்டுக்குள் நிற்கின்றனவா என்று பார்க்கிறார். கோட்டைத் தாண்டிய டயரைக் காலால் தொட்டுப் பார்த்து, ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டுப் போகிறார். அவருடைய சொந்த ஸ்கூட்டரும் நேற்று தாண்டியிருந்தது. அதற்கும் ஒரு சீட்டு எழுதிச் செருகினார். யாருக்காக என்று தெரியவில்லை.

இன்று நேராகவே போய் நின்றேன். "சார், அசோசியேஷன் விதிகளோட காப்பி ஒண்ணு எனக்கு வேணும்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தன வருசத்துல யாரும் வந்து கேட்டதில்லீங் அம்மணி. கேட்டா குடுக்கோணும்னு விதியிலயே இருக்குது" என்று சொல்லி உள்ளே போய் பைண்டு பண்ணிய பிரதி ஒன்றை எடுத்துவந்தார். அவர் மனைவி ருக்குமணி அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

என்னைத் துரத்தப் போகிற ஆள் என் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறார். இவரை எப்படி எழுதுவது என்று புரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழைத் தூறல். இடது மணிக்கட்டு வலிக்கிறது. தைலம் போட்டேன்.

சர்ச் முடிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவின் போன். "ஏட்டி, அவன் ரொம்ப மாறிட்டாம்ட்டி. கோயில்ல மொத வரிசையில உக்காருதான். எல்லார்ட்டயும் உன்னையத்தான் கேக்கான். நீ எப்பம் வாற?"

"வேல இருக்குமா."

"பொம்ம விளையாட்டு செய்யதெல்லாம் ஒரு வேலையாட்டி?"

வைத்துவிட்டேன். மூலையில் மூன்று அட்டைப் பெட்டிகள் வந்த நாளில் கட்டிய கயிற்றோடு அப்படியே இருக்கின்றன. பிரிக்க நேரமில்லை. இரண்டு தட்டும் ஒரு குக்கரும் போதும் எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

நான்காவது தாழரசனை அனுப்பினேன். மருதாசலத்தை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன் என்று எழுதினேன்.

தாழரசன் சத்தம் போடமாட்டான். சோற்றை முழுதாகச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கோபப்படுவான். பேசும்போது சாவிக்கொத்தை மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பான். தட்டுவது நின்றால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

நவ்ஷாத் போன் செய்தான். "பயமா இருக்குக்கா, நல்லாருக்கு. ஆனா அந்த செகரட்டரி கைல சாவியே இல்லியே. பேனால்ல வச்சிருந்தாரு?"

"கதைக்காக மாத்தினேன்."

"பூட்டிட்டு இழுத்துப் பாக்குறது?"

"அதும் கதைக்காகத்தான்."

அவன் எதையோ தட்டச்சு செய்வது கேட்டது. பிறகு, "கடைசி வரி மட்டும் திரும்ப யோசிங்கக்கா" என்று வைத்துவிட்டான்.

ஜூன் 12, வியாழன்

விதிகளை கேம் விதிகளைப் படிப்பது போலப் படித்தேன். பதினொன்றாவது விதி: ஒரு வீட்டுக்கு ஓர் ஓட்டு. யார் பெயரில் பத்திரமோ அவர் நேரில் வந்து கை தூக்க வேண்டும். வேறு யாரும் அவருக்காகப் போட முடியாது.

இதுவரை கூட்டத்துக்குப் போவது ஆம்பிளைகள்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பஜ்ஜி சாப்பிட்டு, கை தூக்கிவிட்டு வருவார்கள். எத்தனை வீடு யார் பெயரில் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் கேட்கப் போகிறேன். கேமில் கூட்டாளி சேர்ப்பது என் பிழைப்பு. யாரும் சும்மா சேரமாட்டார்கள் என்பதும் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

முதல் கதவு, இரண்டாம் மாடி கலாமணி அக்கா. அவர் கணவர் லோகநாதன் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"வீடு யார் பேர்லக்கா இருக்கு?"

"எம்பட பேர்லதான் கண்ணு. பேங்க்ல பொம்பளைங்களுக்கு வட்டி கம்மின்னு போட்டாரு. ஸ்கூட்டியும் எம்பட பேர்லதான். ஆனா ஓட்டுறது எங்கூட்டுக்காரரு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எனக்கு அத ஓட்டக் கத்துக் குடுப்பியா?" என்று கேட்டார்.

அடுத்தது பத்மஜா. வீட்டில் தெலுங்கு, வெளியே கோயம்புத்தூர்த் தமிழ். வீடு அவர் பெயரில்தான், அவங்க அப்பா வாங்கிக் கொடுத்தது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "என் போனுக்கு எனக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி ஒரு பாஸ்வேர்டு போட்டுக் குடுங்களேன். அவர் டெய்லி எடுத்துப் பாக்குறாரு. தப்பா ஒண்ணுமில்ல. சும்மா பாக்குறாரு."

போனை நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். அவர் எண்களை அழுத்தும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கு அவர் ஏன் நன்றி சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

சரோஜா டீச்சர் மட்டும் காரியம் எதுவும் கேட்கவில்லை. "கைதானே தூக்கோணும்? தூக்கறேன், போ. குக்கர் சத்தம் போடுது."

ஜூன் 17, செவ்வாய்

கலாமணி அக்கா பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "இன்னொரு ரவுண்டு" என்றார்.

ஜூன் 18, புதன்

திருநெல்வேலி எண்ணிலிருந்து ஆறு மிஸ்டு கால். சாம்பார் தீய்ந்துவிட்டது.

ஜூன் 21, சனி

மருதாசலம் வீட்டுக் கதவையும் தட்டினேன். அவர் பேங்க்குக்குப் போயிருந்த நேரம். கோழைத்தனம்தான், ஆனால் போனேன். ருக்குமணி அம்மா காபி கொடுத்தார், நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"வீடு எம்பட பேர்லதான் அம்மணி. ஆனா அவரு கொண்டார தீர்மானத்த எதுத்து நா கை தூக்கமாட்டேன். முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு, எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல அவரு. சுத்த கிறுக்கு, ஆனா நல்ல கிறுக்கு."

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்று எழுந்தேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. பொறாமைதான் வந்தது. அதைத்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

நவ்ஷாத்தோடு சண்டை.

இதுவரை எழுதிய எல்லா வடிவங்களையும் திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினான். "பாருங்கக்கா. தாழரசன் ஒவ்வொரு தடவையும் தோத்து விழுந்ததும் ஒரே டயலாக். 'மன்னிச்சிரு, இனிமே செய்யமாட்டேன்.' இவ்ளோ பெரிய வில்லன் எதுக்கு மன்னிப்பு கேக்குறான்? டெஸ்ட் பண்ணவங்கள்ல பாதிப் பேர் பாவம்னு அவன விட்டுட்டுப் போறாங்க."

"விட்டுட்டா என்ன ஆகுது?"

"மறுபடி எந்திரிச்சு வந்து அடிக்கிறான். நீங்கதானே அப்படி எழுதியிருக்கீங்க?"

"அப்ப சரியாத்தானே இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நவ்ஷாத் லேப்டாப்பை மூடினான். "அக்கா, நான் கேட்டது தோக்கும்போது அவன் என்ன சொல்வான்னு. இது தோத்தவன் பேச்சு இல்லியே."

தோற்றவன் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நாற்காலிகள் போட்டிருந்தார்கள், பஜ்ஜியும் வந்திருந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பேச உரிமை இல்லை. நான் தூண் ஓரமாக நின்றேன்.

கலாமணி அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இரண்டு மாடி இறங்குகிற தூரம்தான். அதற்காகத் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறார். லோகநாதன் வாயிலிருந்த பஜ்ஜியை மெல்ல மறந்துவிட்டார். பின்னாலேயே பத்மஜா, சரோஜா டீச்சர், இன்னும் மூன்று பேர். இதுவரை கூட்டத்தின் பக்கமே வராத பெண்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

மருதாசலம் தீர்மானத்தைப் படித்தார். ஆதரவாகக் கை தூக்கச் சொல்லிவிட்டுத் தானும் தூக்கினார். லோகநாதனும் தூக்கினார்.

கலாமணி அக்கா எழுந்தார். "செகரட்டரிங்களே, பதினொன்னாவது விதிப்படி எங்கூட்டு ஓட்டு எம்படது. அவரு கைய எறக்கச் சொல்லுங்."

சிலர் சிரித்தார்கள். லோகநாதன் சிரிக்கவில்லை. "பத்திரம் அவ பேர்ல இருந்தா என்னங்க? இஎம்ஐ கட்டுறது நானு."

மருதாசலம் விதிப் பிரதியைப் பிரித்தார். நிதானமாகப் படித்தார். "இஎம்ஐ யாரு கட்டுறாங்கன்னு இதுல ஒண்ணும் இல்லீங். பத்திரத்துல யாரு பேருன்னுதான் இருக்குது. நீங்க கைய எறக்கிக்கோங்."

அவரவர் வீடு யார் பெயரில் என்று வரிசையாகக் கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தீர்மானத்தை எதிர்த்து முன்வரிசையில் கைகள் ஏறின. பத்மஜா கணவரைத் திரும்பிப் பார்க்காமல் தூக்கினார். மருதாசலம் இரண்டு தடவை எண்ணினார். இரண்டு பக்கமும் சமமாக வந்தது.

"சமமா வந்தா தீர்மானம் கொண்டுவந்தவர் பக்கம் ஜெயிச்சதா அர்த்தமுங்" என்றார். அதுவும் விதியில் இருக்கிறது, நானே படித்தேன். பெட்டிகளுக்குக் கட்டிய கயிற்றை அவிழ்க்காததே நல்லதாகப் போயிற்று என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். இதுவும் போகட்டும், ஐந்தாவது வீட்டுக்கும் என் பெயரில்தான் ஒப்பந்தம் போடுவேன் என்றும் நினைத்தேன்.

லோகநாதன் சூட்டோடு கேட்டார். "எல்லாரையும் கேட்டீங்களே, உங்க வீடு யாரு பேர்லீங்?"

மருதாசலத்தின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்கூட்டுக்காரம்மா பேர்லீங்" என்றார். "அவங்க பேரூர் கோயிலுக்குப் போயிருக்காங்." கையை இறக்கினார்.

அவர் பேனாவைத் திறந்து எதையோ அடித்து எழுதினார்.

"ஒரு ஓட்டுல தீர்மானம் விழுந்துருச்சுங். அடுத்தது, தண்ணி மோட்டார்."

அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை. என்னைத் தேடிப் பார்க்கவும் இல்லை. தண்ணி மோட்டார் எரிந்துபோனது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். சரோஜா டீச்சர் ஒரு பஜ்ஜியை என் கையில் திணித்தார்.

ஜூன் 30, திங்கள்

காலையில் திருநெல்வேலி எண்ணிலிருந்து மெசேஜ். "மன்னிச்சிரு. இனிமே செய்யமாட்டேன். வந்துரு."

எழுத்துக்கு எழுத்து அதேதான்.

நேற்று வரை இந்த வரிக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இது எனக்கு மனப்பாடமான வரி. என் கணவர் முதல் தடவை கன்னத்தில் அடித்தபோது சொன்னார். கதவைப் பூட்டிவிட்டு ஆபீஸ் போன நாளில், சாயங்காலம் திறந்தபோது சொன்னார். மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டபோது, எலும்பு டாக்டர் வாசலில் அழுதுகொண்டே சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டு நான் திரும்பிப் போனேன். சாவியைத் தட்டியது மருதாசலம் இல்லை. மருதாசலத்திடம் சாவியே கிடையாது என்று நவ்ஷாத் அன்றைக்கே சொன்னான்.

தோற்றவர் எப்படிப் பேசுவார் என்று நேற்று பார்த்துவிட்டேன். கையை இறக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்.

ஆபீஸில் தாழரசனைத் திறந்தேன். "மன்னிச்சிரு, இனிமே செய்யமாட்டேன்" என்ற வரியை நான்காவது இடத்திலிருந்து வெட்டினேன். முதல் இடத்தில் ஒட்டினேன். எது பலம் என்ற இடத்தில். இனி கேமில் அவனுடைய பெரிய ஆயுதம் அதுதான். அதைக் கேட்டு நின்றால் ஆடுகிறவரின் உயிர் குறையும். நிற்காமல் அவனைக் கடந்து கதவைத் தள்ளினால், கதவு திறக்கும்.

நான்காவது இடத்தைக் காலியாக விட்டேன்.

நவ்ஷாத் படித்தான். "தோக்கும்போது என்ன சொல்வான்னு எழுதலியேக்கா?"

"சொல்லுவான். கேக்கறதுக்கு அங்க யாரும் இருக்கமாட்டாங்க."

இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. டீ சொல்லிவிட்டு வந்தான்.

மெசேஜுக்குப் பதில் போட்டேன். "இனி எதுவா இருந்தாலும் என் வக்கீலிடம் பேசுங்கள்." பிறகு அந்த எண்ணை பிளாக் செய்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்வேன்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவிடம் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். கீழே விழுந்து உடைந்தது என்றுதான் இதுவரை அவளுக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டு வந்தாள். பிறகு, "அரிசி மாவு கொண்டாறட்டுமா? எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.

மூன்று பெட்டிகளையும் பிரித்துவிட்டேன். ஒன்றில் முழுக்கத் தட்டுகள். ஏன் இத்தனை தட்டு வாங்கினேன் என்று தெரியவில்லை. ஆட்கள் வருவார்கள்.

சாயங்காலம் வாசலில் பெயர்ப் பலகை அடித்தேன். தேக்குப் பலகையில் எப்சிபா என்று மட்டும். முன்னால் இனிஷியல் எதுவும் இல்லை. கலாமணி அக்கா சுத்தியல் கொண்டுவந்தார், பத்மஜா பலகையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு மருதாசலம் மேலே வந்தார். கையில் டேப். பலகையை அளந்தார்.

"பேர்ப் பலகை ஒம்போது அங்குலந்தான் இருக்கோணுமுங் அம்மணி. இது பத்து இருக்குது."

எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டாவது விதி. பத்து அங்குலம் என்று சொல்லித்தான் செய்யக் கொடுத்தேன்.

"தீர்மானம் கொண்டு வாங்க சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். "அடுத்த பொதுக்குழு செப்டம்பர்லீங். இருப்பீங்களா?"

"இருப்பேன்."